காலனி ஆட்சிக்கால அரசு ஊழியரின் ஓய்வூதியத்தை ஆக்சுவரி முறையில் மறுகணக்கிடுதல்: ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னை மாகாணத்தின் கலெக்டர் கச்சேரியிலோ கஜானாவிலோ தபால் இலாகாவிலோ முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர்களின் வீடுகளில், பழைய பத்திரக் கட்டுகளுக்கு நடுவே மங்கிய ஓய்வூதியத் தாள் ஒன்று இன்றும் கிடைப்பதுண்டு. அதில் மாதத் தொகை ஒன்று இருக்கும். பல தாள்களில், ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து மொத்தமாகப் பெற்ற தொகை ஒன்றும் எழுதப்பட்டிருக்கும். மாதத் தொகையைச் சரிபார்ப்பதற்கு விதிநூலும் பெருக்கல் வாய்பாடும் போதும். மொத்தத் தொகையைச் சரிபார்ப்பதற்கோ, அந்த மனிதர் இன்னும் எத்தனை ஆண்டுகள் உயிரோடிருப்பார் என்று அரசு எண்ணியது, பணம் என்ன வட்டி ஈட்டும் என்று எண்ணியது என்ற இரண்டையும் நாம் தோண்டி எடுத்தாக வேண்டும். இந்த வழிகாட்டி பெரும்பாலும் அந்த இரண்டாவது வேலையைப் பற்றியது. ஆயுளையும் வட்டியையும் சேர்த்து இப்படித் தொகையை மதிப்பிடும் கணக்கரைத்தான் ஆக்சுவரி என்பார்கள்.

முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மறுகணக்கு என்ற பெயரில் பலர் செய்வது, பழைய தொகையை எடுத்து இன்றைய அட்டவணையில் போட்டுப் பார்த்து, ‘தாத்தாவுக்குக் குறைத்துக் கொடுத்துவிட்டார்கள்’ என்றோ ‘கூடுதலாகக் கொடுத்தார்கள்’ என்றோ தீர்ப்புச் சொல்வது. அது மறுகணக்கு ஆகாது. அன்றைய அதிகாரி கையில் வைத்திருந்த உயிர்க் கணிப்பு, வட்டி வீதம், நாணய மாற்று வீதம் ஆகிய மூன்றையும் முதலில் மீட்டெடுத்து, அவற்றைக் கொண்டு அதே எண்ணுக்கு வந்து சேர வேண்டும். அதன் பிறகுதான் அவற்றில் எது நியாயமற்றது என்று கேட்கும் உரிமை நமக்கு வருகிறது.

முதற்படி: ஆவணங்களைத் திரட்டுதல்

தேவைப்படுபவை பணிப்பதிவேடு, ஓய்வூதியக் கொடுப்பாணை, தொகுப்பு, அதாவது ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை மொத்தத் தொகையாக மாற்றும் கம்யூட்டேஷன், வழங்கிய உத்தரவு, இருந்தால் மருத்துவக் குழுவின் சான்று ஆகியவை. கெசட் பதிவு பெற்ற அதிகாரிகளுக்கு, அவர்களுடைய பணி வரலாற்றைத் தொகுத்து அரசே அச்சிட்ட நூல்கள் உண்டு. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் மாகாண அரசின் ஆணைகளைத் தேடலாம். இங்கிலாந்திலிருந்து ஓய்வூதியம் பெற்றவர்களுடைய கணக்கேடுகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா அலுவலக ஆவணங்களில் இருக்கின்றன. பிறந்த தேதி, பணியில் சேர்ந்த தேதி, ஓய்வு பெற்ற தேதி ஆகிய மூன்றும் இரண்டு ஆவணங்களிலாவது ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஒரே ஓர் ஆண்டு பிசகினாலும் பின்னால் வரும் கணக்கு முழுவதும் பிசகும்.

இரண்டாம் படி: விதிப்படியான ஓய்வூதியத்தை உறுதி செய்தல்

இந்தியாவில் இக்கணக்குக்கு அடிப்படை சிவில் சர்வீஸ் ஒழுங்குவிதிகள். அவ்விதிகள் பணியை உயர்நிலைப் பணி, கீழ்நிலைப் பணி என்று பிரித்தன. பியூன் முதலியோர் கீழ்நிலையில் சேர்க்கப்பட்டதால் அவர்களுக்கான அளவு வேறு. குமாஸ்தாவுக்குரிய விதியைக் கொண்டு பியூனின் தாளைச் சரிபார்க்கக் கூடாது. உயர்நிலைப் பணியில் 30 ஆண்டுத் தகுதிப் பணிக்காலம் முடித்தவருக்கு, கடைசி மூன்று ஆண்டுகளின் சராசரி ஊதியத்தில் அறுபதில் முப்பது பங்கு, அதாவது பாதி, ஓய்வூதியமாகக் கிடைத்தது. இதற்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் என்ற உச்சவரம்பும் இருந்தது. மாதக் கணக்கில் அது 416 ரூபாய் 10 அணா 8 பை (அன்று ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை). சராசரி 1,000 ரூபாய் வாங்கிய ஒருவருடைய தாளில் 500-க்குப் பதிலாக 416 ரூபாய் 10 அணா 8 பை என்றிருந்தால் அது எழுத்துப் பிழையன்று, உச்சவரம்பின் விளைவு.

இனி வரும் படிகளுக்கு ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். கலெக்டர் கச்சேரியில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்த ஒருவர் 55 வயது நிறைந்து ஓய்வு பெறுகிறார். இவர் கணக்குக்காக நான் அமைத்துக்கொண்டவர். கடைசி மூன்று ஆண்டுகளில் 12 மாதம் 170 ரூபாயும், 12 மாதம் 180 ரூபாயும், 12 மாதம் 190 ரூபாயும் பெற்றார். சராசரி 180, ஓய்வூதியம் மாதம் 90 ரூபாய். இதில் மூன்றில் ஒரு பங்கை, அதாவது மாதம் 30 ரூபாயை, ஆண்டுக்கு 360 ரூபாயை, அவர் மொத்தத் தொகைக்கு மாற்றிக்கொள்ள விரும்புகிறார். இத்தகைய மாற்றத்தை 1871-ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டமே அனுமதித்திருந்தது. நடைமுறையை 1925-ஆம் ஆண்டின் சிவில் ஓய்வூதியத் தொகுப்பு விதிகள் வகுத்தன. அதே 1871 சட்டம் ஓய்வூதியத்தைக் கடன்காரர் ஜப்தி செய்யக் கூடாது என்றும் காத்தது. தொகுப்பாக வாங்கிக் கையில் எடுத்துவிட்ட பணம் வேறு வகை. ஆகவே ஒரு குடும்பத்துக்குத் தொகுப்பு என்பது வெறும் கணக்காக மட்டும் இருக்கவில்லை. காப்புள்ள வருமானத்தின் ஒரு பகுதியை விட்டுக்கொடுப்பதாகவும் இருந்தது.

மூன்றாம் படி: யாருடைய உயிர்களைக் கொண்டு அட்டவணை செய்தார்கள் என்று கேட்டல்

இந்த வழிகாட்டியில் மிக முக்கியமான படி இதுதான். உயிர் அட்டவணை என்பது, ஒரே வயதுள்ள ஒரு கூட்டத்தில் ஒவ்வோர் ஆண்டும் எத்தனை பேர் எஞ்சுவார்கள் என்று சொல்லும் பட்டியல். எந்தக் கூட்டத்தைப் பார்த்து அதைச் செய்தார்களோ அந்தக் கூட்டத்துக்குத்தான் அது பொருந்தும். இங்கிலாந்துக்குத் திரும்பிப்போன வெள்ளை அதிகாரிக்கும், தஞ்சாவூரிலேயே தங்கிவிட்ட குமாஸ்தாவுக்கும் ஒரே அட்டவணையைப் பயன்படுத்தினால், இருவரில் ஒருவருக்கு நிச்சயமாகத் தவறான தொகைதான் கிடைக்கும்.

இந்திய மக்கள்தொகைக்கான உயிர் அட்டவணைகளைக் குடிக்கணக்கோடு சேர்த்து ஆக்சுவரிகள் தயாரித்தார்கள். 1881, 1891, 1901 குடிக்கணக்குகளுக்கு ஜி. எஃப். ஹார்டியும், 1911-க்கு ஆக்லண்டும், 1931-க்கு எல். எஸ். வைத்தியநாதனும் அவற்றைச் செய்தனர். 1931 அட்டவணையின்படி பிறப்பில் ஆயுள் எதிர்பார்ப்பு ஆண்களுக்கு ஏறக்குறைய 27 ஆண்டுகள் மட்டுமே. இந்த எண்ணைப் பார்த்துத்தான் பலர் பெரிய தவறு செய்கிறார்கள்: ‘சராசரி ஆயுளே 27 என்றால் 55 வயதில் ஓய்வு பெற்றவருக்கு அரசு எதைக் கொடுத்திருக்கப் போகிறது’ என்று கேட்கிறார்கள். அந்தச் சராசரியைக் கீழே இழுத்தவை பெரும்பாலும் குழந்தைச் சாவுகள். 55 வயதைத் தொட்டுவிட்ட ஒருவர் அந்தக் கண்டங்களையெல்லாம் தாண்டியவர். அவருக்குரிய எண், 55-ஆம் வயதின் வரிசையில் உள்ள எஞ்சிய ஆயுள். பிறப்பு வரிசையை ஓய்வூதியக் கணக்கில் எங்கும் எடுக்கக் கூடாது.

அரசு ஊழியர் பொது மக்கள்தொகையிலிருந்து இன்னொரு வகையிலும் வேறுபட்டவர். பணியில் சேரும்போதே மருத்துவச் சான்று பெற்றவர், மாதச் சம்பளம் கண்டவர். எனவே குடிக்கணக்கு அட்டவணை அவருடைய ஆயுளைச் சற்றுக் குறைத்தே காட்டும். உங்களிடம் இரண்டு அட்டவணைகள் இருந்தால் இரண்டிலும் கணக்கிட்டு, விடையை இடைவெளியாக எழுதுங்கள்.

இந்த வழிகாட்டியில் கணக்கின் உள்வேலையை வாசகர் கையாலேயே போட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்காக, எளிய மாதிரி ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். 18-ஆம் நூற்றாண்டில் ஆபிரகாம் தெ முவாவர் என்ற கணிதர், 86 வயதை ஆயுளின் எல்லையாகக் கொண்டு, ஒவ்வோர் ஆண்டும் ஒரே எண்ணிக்கையினர் இறப்பதாக வைத்துக்கொண்டு ஆண்டுத்தொகைகளை மதிப்பிட்டார். 56 வயதுள்ள 30 பேரில் ஆண்டுக்கு ஒருவர் இறந்தால் 86-இல் எவரும் எஞ்சமாட்டார். சராசரியாக எஞ்சிய ஆயுள் 15 ஆண்டு. உண்மையான அட்டவணை கையில் கிடைத்ததும் இந்த மாதிரியை விலக்கிவிட்டு, எஞ்சுவோர் நிரலில் அதன் எண்களை இட்டால் போதும். மற்ற வேலைகள் மாறுவதில்லை.

நான்காம் படி: வயதைச் சரியாக எடுத்தல்

தொகுப்பு அட்டவணைகள் ‘அடுத்த பிறந்தநாளில் நிறையும் வயது’ என்ற அளவில் அமைந்தவை. நம் குமாஸ்தா 55 நிறைந்தவர். அட்டவணையில் அவர் 56-ஆம் வயது வரிசைக்கு உரியவர். முதன்முதலாக ஒரு பழைய தாளை நான் சரிபார்த்தபோது 55-ஆம் வரிசையை எடுத்துவிட்டு, அன்றைய கணக்கர் குறைத்துப் போட்டுவிட்டார் என்று குறிப்பும் எழுதிவிட்டேன், தவறு என்னுடையது. விட்டுக்கொடுக்கும் ஆண்டு ஓய்வூதியத்தில் ஒவ்வொரு ரூபாய்க்கும் கிடைக்கும் மொத்தத் தொகையைக் காரணி என்போம்; அதைக் கணக்கிடும் முறை அடுத்த படியில் வருகிறது. நம் மாதிரியில், 4 விழுக்காடு வட்டியில், 55-க்குரிய காரணி 10.25, 56-க்குரியது 10.01. ஆண்டுக்கு 360 ரூபாய் என்றால் வித்தியாசம் ஏறக்குறைய 85 ரூபாய். நம் குமாஸ்தாவின் ஒரு மாத ஓய்வூதியத்துக்கு அருகில் வரும் தொகை அது.

ஐந்தாம் படி: காரணியைக் கணக்கிடுதல்

ஒரு தாளில் நான்கு நிரல்கள் போடுங்கள். முதல் நிரலில் ஆண்டு. இரண்டாவதில் அந்த ஆண்டின் முடிவில் எஞ்சுவோரின் பங்கு. மூன்றாவதில் அந்த ஆண்டின் முடிவில் கிடைக்கும் ஒரு ரூபாய்க்கு இன்றைய மதிப்பு. நான்காவதில் இரண்டையும் பெருக்கிய விடை. 4 விழுக்காடு வட்டியில் முதல் ஆண்டு முடிவில் கிடைக்கும் ஒரு ரூபாயின் இன்றைய மதிப்பு 0.9615. எஞ்சுவோர் 30-இல் 29. பெருக்கினால் 0.9295. இரண்டாம் ஆண்டில் எஞ்சுவோர் 28, இன்றைய மதிப்பு 0.9246, விடை 0.8629. பத்தாம் ஆண்டில் விடை 0.4504, இருபதாம் ஆண்டில் 0.1521. இப்படி முப்பது வரிகளையும் போட்டு நான்காம் நிரலைக் கூட்டினால் 10.01 வரும். இதன் பொருள், ஆண்டு முடிவுதோறும் ஆயுள் உள்ளவரை ஒரு ரூபாய் கொடுப்பதாக ஒப்புக்கொள்வதன் இன்றைய விலை 10 ரூபாய் என்பது. இதைத்தான் பழைய தாள்கள் ‘இத்தனை ஆண்டுக் கிரயம்’ என்ற கருத்தில் குறிப்பிடுகின்றன.

ஓய்வூதியம் ஆண்டு முடிவில் வருவதில்லை, மாதந்தோறும் வருகிறது. அதற்காக 24-இல் 11 பங்கை, அதாவது 0.46-ஐ, கூட்டிக்கொள்வது ஆக்சுவரிகளின் வழக்கம். ஆகக் காரணி 10.47. இதை 360-ஆல் பெருக்கினால் 3,769 ரூபாய் 20 காசு. அன்றைய கணக்கில் 3,769 ரூபாய் 3 அணா 2 பை. தசம எண்ணை அணாவாக மாற்றும்போது 16-ஆலும், எஞ்சிய பின்னத்தைப் பையாக்க 12-ஆலும் பெருக்க வேண்டும். 100 பைசா என்ற இன்றைய பழக்கத்தில் 20 காசை அப்படியே எழுதிவிட்டால் பழைய தாளோடு ஒருபோதும் ஒத்துவராது.

ஆறாம் படி: வட்டியை மாற்றிப் பார்த்தல்

அதே உயிர்கள், அதே வயது. வட்டியை மட்டும் மாற்றுவோம். 3 விழுக்காட்டில் மாதக் காரணி 11.36, தொகை 4,090 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. 6 விழுக்காட்டில் காரணி 9.02, தொகை 3,247 ரூபாய். ஒரே மனிதருக்கு 842 ரூபாய் வேறுபாடு, அதாவது அவருடைய ஒன்பது மாத ஓய்வூதியம். வட்டி உயர்ந்தால் மொத்தத் தொகை குறையும் என்பது முதலில் தலைகீழாகத் தோன்றும். அரசு இன்று கொடுக்கும் பணத்தைத் தன்னிடமே வைத்திருந்தால் அதிக வட்டி ஈட்டியிருக்கும். அந்த இழப்பை ஓய்வூதியரின் பங்கிலிருந்து கழித்துக்கொள்கிறது என்று நினைத்தால் விளங்கிவிடும்.

உயிர் அட்டவணை மாறினால் எவ்வளவு மாறும் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆயுள் எல்லையை 86-இலிருந்து 96-க்கு நகர்த்தினால், 4 விழுக்காட்டில் காரணி 12.59 ஆகிறது; தொகை 4,532 ரூபாய். ஆயுள் நீண்டால் தொகை கூட வேண்டும், வட்டி ஏறினால் தொகை குறைய வேண்டும். இரண்டும் ஒருசேர நடக்கும்போது எது வெல்கிறது என்பதற்கு நம் காலத்திலேயே சான்று இருக்கிறது. மத்திய அரசின் தொகுப்பு அட்டவணையில் 2008 வரை 61 வயதுக்குரிய காரணி 9.81, அது 4.75 விழுக்காடு வட்டியில் அமைந்தது. ஆறாவது ஊதியக்குழுவுக்குப் பின் வந்த அட்டவணையில் அதே வயதுக்குக் காரணி 8.194, அதன் வட்டி 8 விழுக்காடு. மக்கள் முன்னைவிட நீண்ட நாள் வாழும் காலத்தில் காரணி கீழே இறங்கியது வட்டியினால்தான். பழைய தாளைச் சரிபார்க்கும்போது வட்டி வீதம் கண்ணில் படாமல் எங்கோ ஓர் அடிக்குறிப்பில் ஒளிந்திருக்கும் என்பதால், அதைத் தேடாமல் இந்தப் படியைத் தாண்டிவிடக் கூடாது.

ஏழாம் படி: மருத்துவக் குழு கூட்டிய வயது

தொகுப்பை விரும்பிக் கேட்பவர்களில், தமக்கு நீண்ட ஆயுள் இல்லை என்று உள்ளூர அறிந்தவர்கள் அதிகம் இருக்கக்கூடும். அவர்கள் எல்லோருக்கும் முழுக் காரணியைக் கொடுத்தால் அரசுக்கு இழப்பு. இதனால்தான் மருத்துவப் பரிசோதனை வந்தது. உடல்நிலை குன்றியவருக்குத் தொகுப்பை மறுக்காமல், அவருடைய உண்மை வயதோடு சில ஆண்டுகளைக் கூட்டி, அந்தக் கூடிய வயதுக்குரிய காரணியைக் கொடுத்தார்கள். நம் குமாஸ்தாவுக்கு ஐந்து ஆண்டு கூட்டி 61 என்று கொண்டால், 4 விழுக்காட்டில் காரணி 9.21, தொகை 3,316 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. நீரிழிவோ இதயக் கோளாறோ அவருக்கு 453 ரூபாய் இழப்பாக முடிந்தது. உங்கள் கணக்குக்கும் தாளில் உள்ள தொகைக்கும் பத்து விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தால், முதலில் ஐயப்பட வேண்டியது இந்த வயதுக் கூட்டலைத்தான்.

எட்டாம் படி: விதவைகளும் பிள்ளைகளும்

ஊழியரின் சொந்த ஓய்வூதியத்தில் ஓர் உயிர்தான். விதவைக்கு வரும் ஓய்வூதியத்தில் இரண்டு உயிர்கள் பின்னிக்கிடக்கின்றன. கணவர் இறந்தபின், மனைவி உயிரோடிருக்கும் ஆண்டுகளுக்கு மட்டுமே பணம் போகும். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்திலேயே சென்னை, வங்காளம், பம்பாய் ஆகிய மூன்று ராஜதானிகளிலும் சிவில் நிதிகளும் இராணுவ நிதிகளும் இதற்கென இருந்தன. அவற்றின் இருப்பு பொறுப்புகளைத் தாங்குமா என்று பார்ப்பதற்கு, கிரிஃபித் டேவிஸ் போன்ற லண்டன் ஆக்சுவரிகளிடம் மதிப்பீடு கேட்டார்கள். இலங்கையில் அரசு ஊழியரின் விதவைகளுக்கும் அநாதைகளுக்குமான ஓய்வூதிய நிதியை 1898-ஆம் ஆண்டின் 1-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் ஒழுங்குபடுத்தியது.

கணக்கு இப்படி. மனைவியின் ஆயுள் முழுதும் ஆண்டுக்கு ஒரு ரூபாய் கொடுப்பதன் மதிப்பை முதலில் காணுங்கள். பிறகு, இருவரும் உயிரோடிருக்கும் காலத்துக்கு மட்டும் ஒரு ரூபாய் கொடுப்பதன் மதிப்பைக் காணுங்கள்; இதற்கு இரண்டாம் நிரலில் கணவர் எஞ்சும் பங்கையும் மனைவி எஞ்சும் பங்கையும் பெருக்கி எழுத வேண்டும். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் கிடைப்பது விதவை ஓய்வூதியத்தின் மதிப்பு.

கணவர் 56, மனைவி 46, வட்டி 4 விழுக்காடு என்று நம் மாதிரியிலேயே கணக்கிட்டால், மனைவியின் தனி மதிப்பு 12.13, இருவரின் கூட்டு மதிப்பு 7.86, எஞ்சுவது 4.27. ஆண்டுக்கு 100 ரூபாய் விதவை ஓய்வூதியத்துக்கு இன்று 427 ரூபாய் இருப்பு வேண்டும். மனைவியும் 56 வயதினர் என்றால் தனி மதிப்பு 10.01, கூட்டு மதிப்பு 7.14, எஞ்சுவது 2.87 மட்டுமே. பத்து வயது இளைய மனைவியால் நிதியின் பொறுப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. பெண்களை மிக இளவயதில் மணமுடித்த காலம் அது. இங்கிலாந்துத் தம்பதியரின் வயது வேறுபாட்டை வைத்து அமைத்த சந்தா வீதம் இந்தியத் தம்பதியருக்குப் போதாமல் போகும் என்பதை இந்த ஒரே கழித்தல் காட்டிவிடுகிறது. எந்த விதவை நிதியை மறுகணக்கிட்டாலும் கணவன் மனைவி வயது வேறுபாட்டைத்தான் முதல் எண்ணாகத் தேட வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். பிள்ளைகளின் பங்கு குறிப்பிட்ட வயதிலோ மகளின் திருமணத்திலோ முடிந்துவிடுவதால் தொகை சிறியது. அதைத் தவணைக் கணக்காகவே போட்டுவிடலாம்.

ஒன்பதாம் படி: நாணயம்

இந்திய சிவில் சர்வீஸ் அதிகாரிக்கு ஆண்டுக்கு 1,000 பவுன் ஓய்வூதியம் என்பது நிலைத்த தொகை. ஒரு ரூபாய்க்கு 2 ஷில்லிங் (பவுனுக்கு 20 ஷில்லிங், ஷில்லிங்குக்கு 12 பென்ஸ்) என்றிருந்த கணக்கில் அது 10,000 ரூபாய். 1899-க்குப் பின் 1 ஷில்லிங் 4 பென்ஸ் என்று நிலைபெற்றபோது அதே தொகை 15,000 ரூபாய் ஆனது. 1927-இல் 1 ஷில்லிங் 6 பென்ஸ் ஆக்கப்பட்டதும் 13,333 ரூபாய் 5 அணா 4 பை ஆனது. ஓய்வூதியரின் கையில் வந்தது ஒரே பவுன்தான். அதைச் சுமந்த இந்திய வரவு செலவுத் திட்டத்தின் பாரம்தான் ஏறியும் இறங்கியும் வந்தது. ஆகவே பவுனில் உள்ள ஓய்வூதியத்தைப் பவுனிலேயே மதிப்பிட்டு முடித்து, கடைசியில் ஒரே ஒருமுறை ரூபாய்க்கு மாற்றுங்கள். ஒவ்வோர் ஆண்டையும் தனித்தனியாக மாற்றிக் கூட்டினால் நாணய ஏற்ற இறக்கமும் ஆயுள் கணக்கும் பிரிக்க முடியாதபடி கலந்துவிடும்.

மலாயாவில் ரயில்வேயிலும் குமாஸ்தா பணியிலும் இருந்து ஓய்வு பெற்று யாழ்ப்பாணத்துக்குத் திரும்பியவர்களின் தாள்களில் இச்சிக்கல் வேறு வடிவில் வரும். மலாயா டாலர் 1906 முதல் 2 ஷில்லிங் 4 பென்ஸுக்குக் கட்டப்பட்டிருந்தது. ரூபாய் 1 ஷில்லிங் 6 பென்ஸாக இருந்த காலத்தில் 100 டாலர் என்பது 155 ரூபாய் 56 காசு. ஊரில் அவர் வாங்கிய ரூபாயை மட்டும் பார்த்து மலாயா அரசின் விதிப்படி சரிபார்க்கப் புகுந்தால் எதுவும் பொருந்தாது.

பத்தாம் படி: தொகுத்த பகுதி எப்போது அடைபடுகிறது

வட்டியை விட்டுவிட்டால் 10.47 என்ற காரணியில் பெற்ற பணம் பத்தரை ஆண்டுகளில் அடைபட்டுவிடும். 4 விழுக்காடு வட்டியோடு பார்த்தால் ஏறக்குறைய பதின்மூன்றரை ஆண்டுகள் ஆகும். அதற்குமேலும் வாழ்பவர் ஆண்டுதோறும் 360 ரூபாயை இழந்துகொண்டே இருக்கிறார். இளமையில் இறந்தவரிடம் அரசு இழந்ததை அவர் ஈடுகட்டுகிறார். காலனி ஆட்சி வகுத்த இந்த ஏற்பாடு சுதந்திர இந்தியாவிலும் தொடர்ந்தது. 1986 டிசம்பரில் ‘காமன் காஸ்’ வழக்கில் உச்ச நீதிமன்றம், தொகுத்த பகுதி சாதாரணமாக 12 ஆண்டுகளுக்குள் அடைபட்டுவிடுகிறது என்று கொண்டு, 15 ஆண்டுக்குப் பின் முழு ஓய்வூதியத்தையும் மீட்டளிக்க வேண்டும் என்று தீர்த்தது. நீண்ட நாள் வாழ்ந்த எத்தனையோ முதியவர்களுக்கு அது சோறு போட்டது.

மறுகணக்கிடுபவர் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 15 ஆண்டில் முடிந்துவிடும் விட்டுக்கொடுப்பின் விலை, ஆயுள் முழுவதற்குமான விட்டுக்கொடுப்பின் விலைக்குச் சமமாகாது. நம் குமாஸ்தாவுக்கு 4 விழுக்காட்டில் அந்தக் காரணி 8.75-தான். மீட்பு இல்லாத காலத்துத் தாளை 10.47 கொண்டும், மீட்பு உள்ள காலத்துத் தாளை அதற்குரிய குறைந்த காரணி கொண்டும் ஒப்பிட்டால்தான் இரு தலைமுறையினரில் யார் எவ்வளவு பெற்றார் என்று நேர்மையாகச் சொல்ல முடியும்.

ஒரு முழுக் கூட்டத்தை மறுகணக்கிடுதல்: 1948

இதுவரை ஒரு மனிதரின் தாளைப் பார்த்தோம். புதிதாக யாரும் சேராத ஒரு மூடிய கூட்டத்துக்கும் இதே நான்கு நிரல்கள்தான். இரண்டாம் நிரலில் ஒவ்வொரு வயதினருக்கும் தனித்தனி எண்களை இட்டு எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். 1947-க்குப் பிறகு, இங்கிலாந்தில் பவுனாக வழங்கப்பட்டு வந்த ஓய்வூதியங்களை யார் கொடுப்பது என்ற கேள்வி எழுந்தபோது இந்தக் கணக்கு இரு அரசுகளுக்கு இடையே வந்தது. 1948 ஜூலை உடன்பாட்டில், இந்தியா தன் ஸ்டெர்லிங் இருப்பிலிருந்து, அதாவது லண்டனில் பவுனாகச் சேர்ந்திருந்த பணத்திலிருந்து, 168 மில்லியன் பவுனைப் பிரிட்டனுக்குக் கொடுத்து, அதற்கு ஈடாக ஆண்டுத்தொகையைப் பெற்றது. அந்த ஆண்டுத்தொகை நிலையானதாக இல்லாமல், ஓய்வூதியர்கள் ஒவ்வொருவராக மறைவதற்கேற்ப ஆண்டுதோறும் தேய்ந்து, 60 ஆண்டுகளில் முடிவதாக அமைக்கப்பட்டது. 1 ஷில்லிங் 6 பென்ஸ் கணக்கில் 168 மில்லியன் பவுன் என்பது 224 கோடி ரூபாய்.

இந்த எண்ணைச் சரிபார்க்க விரும்புபவர் மூன்று கேள்விகளுக்கு விடை தேட வேண்டும்: கூட்டத்தில் எந்த வயதில் எத்தனை பேர், அவர்களுக்கு வைத்த உயிர் அட்டவணை இங்கிலாந்தினுடையதா இந்தியாவினுடையதா, தேய்ந்து செல்லும் தொகைக்கு வைத்த வட்டி எவ்வளவு. மூன்றில் முதலில் வட்டியைத் தேடுங்கள். 60 ஆண்டு நீளும் தொகையில் ஒரே ஒரு விழுக்காட்டு வட்டி வேறுபாடு கோடிக்கணக்கான ரூபாயை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளிவிடும். இந்தியாவின் ஸ்டெர்லிங் இருப்பு போர்க்காலத்தில் நம் மக்கள் பட்டினியோடும் பற்றாக்குறையோடும் சேர்த்துக் கொடுத்த பொருள்களின் விலை என்பதை நினைத்தால், அந்த ஒரு விழுக்காட்டைத் தேடும் உழைப்பு வீணாகாது.

1955 ஏப்ரல் 1 முதல் பிரிட்டன் இந்தப் பவுன் ஓய்வூதியங்களின் பொறுப்பைத் தானே நேரடியாக ஏற்றுக்கொண்டது. இதற்கென அந்த ஆண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இந்தியா, பாகிஸ்தான், பர்மா ஓய்வூதியங்களுக்கான சட்டம் ஒன்றை இயற்றியது. ஆகவே இங்கிலாந்தில் ஓய்வூதியம் பெற்ற ஒருவரின் தாளை மறுகணக்கிடுபவர், 1948-க்கு முன், 1948 முதல் 1955 வரை, 1955-க்குப் பின் என்று மூன்று துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கொடுக்கக் கடமைப்பட்டவர் யார் என்பதைத் தலைப்பில் எழுதிவிட வேண்டும். ரூபாயில் ஓய்வூதியம் பெற்ற நம் தலைமைக் குமாஸ்தாவின் தாளுக்கு அந்தப் பிரிவினை தேவையில்லை. அவருடைய 90 ரூபாயில் எஞ்சிய 60 ரூபாயை மாதந்தோறும் கொடுத்து வந்தது உள்ளூர்க் கஜானா. கொடி மாறிய பிறகும் அவர் வரிசையில் நின்றது அதே கஜானாவின் வாசலில்தான்.